தண்ணீரோடு போகும் வெப்பம்: பிளாஸ்மா டார்ச் குறித்து வாசகர் கேள்விகளும் பதில்களும்

உலோகப் பரப்புகளின் மீது பீங்கான், உலோகப் பூச்சுகளைத் தெளிக்கப் பயன்படும் பிளாஸ்மா டார்ச்சில் மின்சாரம் எங்கே போகிறது, வெப்பம் எங்கே வீணாகிறது என்பதைக் கேட்டு வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் அளிக்கப்படுகிறது. இந்த டார்ச்சில் நாசில் எனும் குழல்முனைக்குள் ஓடும் வாயுவை, மின்வில் (வாயுவின் வழியே தொடர்ந்து பாயும் மின்பொறி) பிளாஸ்மா எனும் மின்கடத்தும் நிலைக்குச் சூடாக்குகிறது; வெளியே பீய்ச்சும் அந்த வாயுத் தாரையில் பூச்சுத் தூளைச் செலுத்தி, உருக்கி, பரப்பின் மீது படிய வைக்கிறோம்.

கேள்வி: எங்கள் டார்ச் 500 ஆம்பியர், 70 வோல்ட்டில் இயங்குகிறது. குளிர்விக்கும் தண்ணீர் நிமிடத்துக்கு 15 லிட்டர் ஓடுகிறது. உள்ளே போகும்போது இருப்பதைவிட வெளியே வரும்போது 15 டிகிரி சூடு கூடியிருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால் ஏறக்குறையப் பாதி மின்சாரம் தண்ணீரோடு போகிறது. டார்ச்சில் கோளாறு இருக்கிறதா?

பதில்: உங்கள் கணக்கு சரி, டார்ச்சிலும் கோளாறு இல்லை. 500 ஆம்பியரை 70 வோல்ட்டால் பெருக்கினால் 35 கிலோவாட். நிமிடத்துக்கு 15 லிட்டர் என்பது நொடிக்கு கால் கிலோ தண்ணீர். ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க 4.18 கிலோஜூல் வேண்டும் என்பதால், 15 டிகிரி உயர்வுக்கு 15.7 கிலோவாட் தண்ணீரில் போகிறது. மிச்சம் 19.3 கிலோவாட் வாயுவில் தங்கி நாசிலின் வாயைத் தாண்டி வெளியே வருகிறது. இதன்படி டார்ச்சின் வெப்பத் திறன் 55 சதவீதம். நேர்மின்னோட்டத்தில் இயங்கும் வழக்கமான டார்ச்சுகளில் இந்த எண் 40 முதல் 70 சதவீதத்துக்குள், பெரும்பாலும் அதன் நடுப்பகுதியில்தான் இருக்கும்.

அந்த 15.7 கிலோவாட் தண்ணீருக்குள் எப்படி வந்து சேருகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் எதைக் குறைக்கலாம், எதைக் குறைக்க முடியாது என்பது விளங்கிவிடும். கேதோடு எனும் டங்ஸ்டன் எதிர்மின்வாயின் நுனியிலிருந்து கிளம்பும் மின்வில், செம்பாலான நாசிலுக்குள் நீண்டு, அதன் உட்சுவரில் ஓரிடத்தில் கால் ஊன்றுகிறது. அந்தச் சுவர்தான் ஆனோடு, அதாவது நேர்மின்வாய். மின்வில்லின் கால் ஊன்றிய இடத்தில் எலக்ட்ரான்கள் உலோகத்துக்குள் நுழையும்போது, உலோகத்திலிருந்து ஓர் எலக்ட்ரானை வெளியே எடுக்க எவ்வளவு ஆற்றல் வேண்டுமோ அவ்வளவையும் அங்கே வெப்பமாக விட்டுவிடுகின்றன. செம்புக்கு இது, மின்னழுத்தக் கணக்கில் சொன்னால், ஏறக்குறைய 4.5 வோல்ட், ஆக, 500 ஆம்பியரில் இந்த ஒரு வகையிலேயே 2.25 கிலோவாட் ஆனோடில் இறங்குகிறது. எலக்ட்ரான்கள் சுமந்துவரும் சொந்தச் சூடும், ஆனோடை ஒட்டிய மெல்லிய படலத்தில் விழும் மின்னழுத்தமும் இதற்கு மேல் சேருகின்றன. இந்த மூன்றும் மின்னோட்டத்தோடு சேர்ந்து ஏறுபவை. இவை போக, 10,000 கெல்வினைத் தாண்டிய வாயு நாசிலின் சுவரை உரசிச் செல்லும்போது கடத்தலாலும், ஒளிக்கதிராகவும் கொடுக்கும் வெப்பம் ஒரு பெரும் பங்கு. மின்வில்லுக்கும் சுவருக்கும் நடுவே சுழன்று ஓடும் குளிர்ந்த வாயுப்படலம் மட்டும் இல்லாவிட்டால், நாசில் சில நொடிகளில் உருகிவிடும்.

அளவீட்டைப் பற்றி ஒரு சொல். நான் பணியாற்றிய ஒரு கூடத்தில், டார்ச்சின் திறன் ஒரே வாரத்தில் 55-இலிருந்து 61 சதவீதமாக உயர்ந்துவிட்டதாகக் குறிப்பேடு காட்டியது. எல்லோருக்கும் மகிழ்ச்சிதான். மூன்றாம் நாள் பாதுகாப்பு உறையைக் கழற்றிப் பார்த்தபோது, வெளிவரும் தண்ணீரின் வெப்ப உணரி தன் குழியிலிருந்து நழுவி, ரப்பர் குழாயின் வெளித்தோலைத் தொட்டுக்கொண்டு கிடந்தது. அது உண்மையான வெப்பநிலையைவிட 2 டிகிரி குறைவாகக் காட்டிக்கொண்டிருந்தது. அவ்வளவுதான், உயர்ந்த 6 சதவீதமும் அந்த 2 டிகிரியில்தான் இருந்தது. ஆகவே, உணரி இரண்டும் தண்ணீருக்குள் நனைந்து நிற்கின்றனவா என்று பாருங்கள். டார்ச்சை மூட்டாமல் தண்ணீரை மட்டும் ஓடவிட்டு, இரண்டும் ஒரே வெப்பநிலையைக் காட்டுகின்றனவா என்று சரிபாருங்கள். மின்னழுத்தத்தையும் மின்வழங்கியில் அல்லாமல் டார்ச்சின் அருகிலேயே அளந்துகொள்ளுங்கள். பல டார்ச்சுகளில் மின்கம்பியும் தண்ணீர்க் குழாயும் ஒன்றாகவே இருப்பதால், கம்பியில் உண்டாகும் சூடும் டார்ச்சின் கணக்கில் ஏறிவிடக்கூடும் என்பதையும் மறக்கவேண்டாம்.

கேள்வி: பாதி வெப்பம் தண்ணீரில் போகிறது என்றால், தண்ணீரின் அளவைப் பாதியாகக் குறைத்தால் இழப்பும் குறையுமல்லவா?

பதில்: குறையாது. தயவுசெய்து இதைச் சோதித்துப் பார்க்கவேண்டாம்.

சுவருக்கு எவ்வளவு வெப்பம் வருகிறது என்பதைத் தீர்மானிப்பது உள்ளே இருக்கும் மின்வில்லும் வாயுவுமே தவிர, வெளியே ஓடும் தண்ணீர் அல்ல. பல்லாயிரம் டிகிரி சூடான வாயுவுக்கு எதிரே நிற்கும் சுவர் 100 டிகிரியில் இருந்தாலும் 300 டிகிரியில் இருந்தாலும் அதை நோக்கிப் பாயும் வெப்பத்தில் பெரிய மாற்றம் வராது. தண்ணீரைப் பாதியாக்கினால் வெப்பநிலை உயர்வு 15 டிகிரிக்குப் பதிலாக 30 டிகிரியாகும். இழப்பு அதே 15.7 கிலோவாட்டாகத்தான் இருக்கும்.

ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. 6 மில்லிமீட்டர் விட்டமும் 25 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட ஒரு நாசில் துளையின் உட்பரப்பு 470 சதுர மில்லிமீட்டர், அதாவது ஒரு தபால்தலை அளவு. அதன் வழியாக 12 கிலோவாட் வெளியேறுகிறது என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு சதுர மில்லிமீட்டருக்கும் சராசரியாக 25 வாட். மின்வில் கால் ஊன்றிய புள்ளியில் இதைவிட மிக மிக அதிகம். இவ்வளவு வெப்பத்தையும் தண்ணீர் வாங்கிக்கொள்ளவேண்டுமானால் அது வேகமாகவும் அழுத்தத்தோடும் செம்பை உரசி ஓடவேண்டும். வேகம் குறைந்தால் செம்பின் மீது நீராவிப் படலம் படிந்துவிடும். நீராவி வெப்பத்தை வாங்காது. செம்பு 1085 டிகிரி செல்சியஸில் உருகும். நடந்து முடிய ஒரு நொடிகூடத் தேவைப்படாது. இதே காரணத்தால்தான் குழாய்த் தண்ணீருக்குப் பதிலாக அயனி நீக்கிய, அதாவது கரைந்த உப்புகளை அகற்றிய தண்ணீரை வலியுறுத்துகிறோம். சுண்ணப்படிவின் வெப்பக் கடத்துதிறன் செம்பினுடையதில் நூற்றில் ஒரு பங்குகூட இராது. காகிதத் தடிமனுக்குப் படிந்தாலே நாசிலின் சுவர் தாறுமாறாகச் சூடேறத் தொடங்கும்.

தண்ணீர் தொடர்பாக மின்சாரத்தைச் சேமிக்க நியாயமான வழி ஒன்று உண்டு. தண்ணீரைக் குளிர்விக்கும் எந்திரமான சில்லரின் வெப்பநிலை அமைப்பைத் தேவையில்லாமல் மிகவும் குளிராக வைத்திருப்பதை மாற்றி, டார்ச் தயாரிப்பாளர் அனுமதிக்கும் வரம்புக்குள் சற்று உயர்த்தலாம். 15 கிலோவாட் வெப்பத்தை வெளியேற்ற, மூன்று பங்கு வெப்பத்துக்கு ஒரு பங்கு மின்சாரம் எடுக்கும் ஒரு சில்லர் 5 கிலோவாட் மின்சாரத்தைத் தின்னும். தண்ணீர் சற்றுச் சூடாக இருந்தால் இது குறையும். மிகக் குளிர்ந்த தண்ணீர் ஓடும் நாசிலின் உட்புறத்தில் காற்றின் ஈரம் பனித்து நிற்பதையும் இதனால் தவிர்க்கலாம்.

கேள்வி: ஆர்கானோடு ஹைட்ரஜனைச் சேர்த்தால் திறன் கூடும் என்கிறார்கள். சிறிதளவே சேர்க்கும் ஹைட்ரஜன் இவ்வளவு மாற்றத்தை எப்படிச் செய்கிறது?

பதில்: நிமிடத்துக்கு 40 லிட்டர் ஆர்கானும் 10 லிட்டர் ஹைட்ரஜனும் போவதாகக் கொள்வோம். எடையில் பார்த்தால் ஆர்கான் 71 கிராம், ஹைட்ரஜன் ஒரு கிராமுக்கும் குறைவு. ஆனால் ஆர்கான் ஒற்றை அணுவாக இருப்பது. ஹைட்ரஜன் இரட்டை அணு மூலக்கூறு. அந்தப் பிணைப்பை உடைக்க மோலுக்கு 436 கிலோஜூல் வேண்டும். கணக்குப் பார்த்தால், அந்த ஒரு கிராமுக்கும் குறைவான ஹைட்ரஜன் உடைவதற்கு மட்டும் 3.2 கிலோவாட்டை வாங்கிக்கொள்கிறது. தூள் துகளின் குளிர்ந்த பரப்பை அடையும்போது அணுக்கள் மீண்டும் இணைந்து அந்த ஆற்றலை அங்கேயே கொடுத்துவிடுகின்றன. அத்துடன் ஹைட்ரஜனின் வெப்பக் கடத்துதிறன் ஆர்கானுடையதைவிடப் பன்மடங்கு என்பதால், துகள் வெகுவிரைவில் சூடேறுகிறது.

இன்னொரு பயன் மின்னழுத்தத்தில் தெரியும். ஆர்கான் மட்டும் ஓடும்போது 30 வோல்ட்டை ஒட்டி நிற்கும் டார்ச், ஹைட்ரஜன் சேர்ந்ததும் 60, 70 வோல்ட் வரை ஏறிவிடுகிறது. அதே மின்னோட்டத்தில் இரு மடங்கு மின்சக்தி. மின்னோட்டத்தைச் சார்ந்த ஆனோடு இழப்போ ஏறக்குறைய முன்போலவே. எனவே விழுக்காட்டளவில் இழப்பு குறைகிறது. ஆனால் ஹைட்ரஜன் வெப்பத்தைத் துகளுக்குக் கொடுப்பது போலவே சுவருக்கும் கொடுக்கும். அளவுக்கு மீறிச் சேர்த்தால் நாசிலின் ஆயுள் குறைவதோடு, மின்வில்லின் ஆட்டமும் அதிகரிக்கும். நாசிலின் ஆயுள் குறையும் என்பதற்காக ஹைட்ரஜனைக் கைவிடாதீர்கள். திறன் கூடும் என்பதற்காக அளவு கடந்தும் சேர்க்காதீர்கள்.

கேள்வி: டார்ச்சின் திறன் 55 சதவீதம் என்று சரியாக அளந்துவிட்டோம். அப்படியும் ஒரு கிலோ பூச்சுக்கு ஆகும் மின்சாரம் மிக அதிகமாக இருக்கிறது. மீதி எங்கே போகிறது?

பதில்: இந்தக் கடிதத்தை எழுதியவருக்கு என் தனிப்பட்ட நன்றி. டார்ச்சின் திறனைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம்; நாசிலுக்கு வெளியே இருக்கும் அந்தப் பத்து சென்டிமீட்டர் இடைவெளியைப் பற்றிப் போதுமான அளவுக்குப் பேசுவதில்லை. என் கருத்தில் பெரிய இழப்பு அங்கேதான் நடக்கிறது.

அலுமினா தூளை எடுத்துக்கொள்வோம். அறை வெப்பநிலையிலிருந்து 2070 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்றி முழுமையாக உருக்க, ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய 3.5 மெகாஜூல் வேண்டும். அதாவது ஒரு யூனிட்டை ஒட்டிய மின்சாரம். நிமிடத்துக்கு 40 கிராம் தூள் செலுத்தினால், அதை உருக்கத் தேவை 2.3 கிலோவாட். முதல் கேள்வியில் வந்த டார்ச்சில் தாரையில் இருப்பதோ 19.3 கிலோவாட். ஆக, தாரையின் ஆற்றலில் எட்டில் ஒரு பங்குதான் தூளுக்குப் போகிறது. தூளில் பாதிதான் பரப்பில் ஒட்டுகிறது என்றால், மணிக்கு 2.4 கிலோ தூள் போட்டு 1.2 கிலோ பூச்சு கிடைக்கிறது. டார்ச் மட்டுமே 35 யூனிட் எடுக்கிறது. ஒரு கிலோ பூச்சுக்கு 29 யூனிட். ஒரு யூனிட்டில் முடியவேண்டிய வேலைக்கு 29 யூனிட் ஆகிறது என்பதை நினைக்கும்போது, இந்தத் துறையில் இத்தனை ஆண்டுகள் இருந்தும் எனக்கு இன்னும் மனம் உறுத்தத்தான் செய்கிறது.

ஏன் இப்படி? நாசிலை விட்டு வெளிவரும் தாரை வெளிக்காற்றை வாரி உள்ளே இழுத்துக்கொள்கிறது. நாசிலின் விட்டத்தைப் போல் சில மடங்கு தூரம் போவதற்குள்ளேயே குளிர்ந்த காற்றுத் திரள்கள் தாரைக்குள் புகுந்துவிடுகின்றன. பூச்சுப் பரப்பை அடையும்போது அந்தத் தாரையில் பெரும்பகுதி காற்றுதான். உள்ளே வந்த ஆக்சிஜன் மூலக்கூறுகள் உடைவதற்கும் தாரையின் ஆற்றலே செலவாகிறது. தூள் துகளுக்குக் கிடைக்கும் நேரமோ மிகக் குறைவு: நொடிக்குச் சராசரியாக 200 மீட்டர் வேகத்தில் 100 மில்லிமீட்டரைக் கடக்க அரை மில்லிநொடி. அதற்குள் உருகவேண்டும். 20 மைக்ரான் துகளும் 90 மைக்ரான் துகளும் கலந்திருந்தால், பெரியது சிறியதைவிட 90 மடங்கு எடை கொண்டது. அதன் பரப்போ 20 மடங்குதான். சிறியது கொதித்து ஆவியாகிக்கொண்டிருக்கும்போது பெரியதன் நடுப்பகுதி திண்மமாகவே இருக்கும். அது பரப்பில் மோதித் தெறித்து, கூடத்தின் தரையில் மணல்போல் குவியும்.

மின்சாரத்தைக் குறைக்க விரும்புவோர் இங்கேதான் முதலில் கை வைக்கவேண்டும். தூளின் அளவு வீச்சைக் குறுக்குங்கள். தூளைச் சுமந்து செல்லும் வாயுவின் ஓட்டத்தைச் சரிபாருங்கள். அது குறைந்தால் துகள்கள் தாரையின் விளிம்பிலேயே வழுக்கிப்போகும், கூடினால் தாரையைக் குறுக்காகத் துளைத்து மறுபக்கம் வெளியேறிவிடும். கரும்கண்ணாடி வழியாகப் பக்கவாட்டில் நின்று பார்த்தால், சரியாக அமைந்த தூளின் ஒளிக்கோடு தாரையின் அச்சிலிருந்து தூள் செலுத்தும் திசையில் சில டிகிரி மட்டுமே சாய்ந்து, தாரையின் வெளிச்சம் முடிந்த பிறகும் மஞ்சள் கோடாக நீண்டு தெரியும். ஒட்டும் விகிதம் 50-இலிருந்து 60 சதவீதமாக உயர்ந்தால், ஒரு கிலோவுக்கு 29 யூனிட் என்பது 24-ஐ ஒட்டி இறங்கிவிடும். டார்ச்சின் வெப்பத் திறனை 55-இலிருந்து 60-ஆக உயர்த்தினால் கிடைப்பதோ இதில் ஏறக்குறையப் பாதிதான். அதற்குப் புதிய டார்ச்சும் வேண்டியிருக்கலாம். தூள் செலுத்தும் ஊசியின் கோணத்தை மாற்ற ஒரு ஸ்பேனர் போதும்.

டார்ச்சைப் பிடித்திருக்கும் ரோபோ கை பொருளின் ஓரத்தைத் தாண்டித் திரும்பும் நேரத்தையும் கணக்கிட்டுப் பாருங்கள். ஒரு மணி நேர ஓட்டத்தில் 15 நிமிடம் டார்ச் வெறும் காற்றைச் சூடாக்குகிறது என்றால், கால்பங்கு மின்சாரமும் கால்பங்கு தூளும் அங்கேயே போயிற்று.

கேள்வி: மின்வில்லை நீளமாக்கும் அடுக்கு வகை டார்ச்சுகளில் மின்சாரம் மிச்சமாகும் என்பது உண்மையா?

பதில்: ஓரளவு உண்மை. இவ்வகை டார்ச்சில் கேதோடுக்கும் ஆனோடுக்கும் நடுவே, ஒன்றிலிருந்து மற்றொன்று மின்காப்பிடப்பட்ட செம்பு வளையங்கள் அடுக்கப்பட்டிருக்கும். மின்வில் நடுவழியில் கால் ஊன்ற முடியாமல் கடைசி வளையம் வரை நீண்டாகவேண்டும். நீளம் கூடினால் மின்னழுத்தம் கூடும். அதே 35 கிலோவாட்டை 250 ஆம்பியர், 140 வோல்ட்டில் பெறலாம். மின்னோட்டம் பாதியானதால், முன்பு சொன்ன 2.25 கிலோவாட் 1.1 கிலோவாட்டாகிறது, கம்பிகளில் போகும் இழப்பு நான்கில் ஒரு பங்காகிறது, ஆனோடு தேய்வதும் குறைகிறது. ஆயினும் நீண்ட வாயுப்பாதையின் சுவர்களும் குளிர்விக்கப்பட வேண்டியவையே என்பதால், ஒரு கையால் மிச்சப்படுத்தியதில் ஒரு பகுதியை மறு கை எடுத்துக்கொள்கிறது.

இந்த டார்ச்சுகளின் மெய்யான சிறப்பு வேறு. சாதாரண டார்ச்சில் மின்வில்லின் கால் சுவரில் முன்னே வழுக்கிச் சென்று, பின் அறுந்து, பின்னால் வேறோர் இடத்தில் மீண்டும் ஊன்றுகிறது. இது நொடிக்குப் பல்லாயிரம் முறை நடப்பதால் தாரையின் ஆற்றலும் அதே வேகத்தில் ஏறி இறங்குகிறது. அரை மில்லிநொடி மட்டுமே தாரைக்குள் இருக்கும் துகளுக்கு இது பெரிய அலைக்கழிப்பு. அடுக்கு டார்ச்சில் கால் ஊன்றும் இடம் வரையறுக்கப்பட்டிருப்பதால் ஆட்டம் வெகுவாகத் தணிகிறது, துகள்கள் ஒரே சீராக உருகுகின்றன, ஒட்டும் விகிதம் உயர்கிறது. மின்சாரச் சேமிப்பின் பெரும்பகுதி தண்ணீர்க் கணக்கில் தெரியாது. தரையில் குவியும் தூளின் எடை குறைவதில் தெரியும்.

கேள்வி: மின்வாய்களே இல்லாத தூண்டல் வகை டார்ச்சில் இந்த இழப்புகள் இராதா?

பதில்: ஆனோடு இழப்பு இராது; வேறு இழப்புகள் உண்டு. தாமஸ் ரீட் 1961-இல் வெளியிட்ட வடிவத்திலிருந்து வளர்ந்துவந்த இந்த டார்ச்சில், உயர் அதிர்வெண் மின்சாரம் ஒரு கம்பிச்சுருளின் வழியே ஓடி வாயுவைச் சூடாக்குகிறது. அந்த உயர் அதிர்வெண் மின்சாரத்தை உண்டாக்கும் கருவியிலும், சுருளிலும், சுற்றியிருக்கும் குழாய்ச் சுவரிலும் வெப்பம் போய்விடுவதால், மின் இணைப்பிலிருந்து எடுக்கும் மொத்த மின்சாரத்தைக் கணக்கிட்டால் இது சிக்கனமானது அல்ல. தூய்மை கெடாமல், அச்சின் நடுவே தூளைச் செலுத்தி, மெதுவான தாரையில் நிதானமாக உருக்கவேண்டிய வேலைக்கே இதைத் தேர்ந்தெடுக்கலாம்.

கேள்வி: தண்ணீரில் போகும் 15 கிலோவாட்டைத் திரும்ப மின்சாரமாக்க முடியுமா?

பதில்: அது பயன் தராது. 40 டிகிரி தண்ணீருக்கும் 25 டிகிரி சுற்றுப்புறத்துக்கும் இடையே இயங்கும் எந்த எந்திரமும், இயற்கை விதிப்படி, 5 சதவீதத்துக்கு மேல் வேலையாக மாற்ற முடியாது. இழப்பே இல்லாத கற்பனை எந்திரத்திலும் 0.75 கிலோவாட்தான். வெப்பமாகவே பயன்படுத்தலாம். பூச்சுக்கு முன் பொருள்களைக் கழுவும் தொட்டியின் தண்ணீரை ஒரு வெப்பமாற்றி வழியாகச் சூடாக்கினால், அந்த வெப்பமும் பயன்படும், சில்லரின் சுமையும் குறையும். டார்ச்சின் தண்ணீரை நேரடியாகத் தொட்டிக்குள் விடக்கூடாது.

கேள்வி: புது நாசில் போட்டபோது 70 வோல்ட் இருந்தது, சில வாரங்களில் 65-க்கு இறங்கிவிட்டது. மின்னோட்டத்தைக் கூட்டி 35 கிலோவாட்டைத் தக்கவைத்திருக்கிறோம். இது சரியா?

பதில்: பலரும் செய்வதுதான், ஆனால் சரியன்று. 65 வோல்ட்டில் 35 கிலோவாட் வேண்டுமென்றால் 538 ஆம்பியர் செலுத்தவேண்டும். ஆனோடு வெப்பம் மின்னோட்டத்தைத் தொடர்ந்து ஏறுவதால், மொத்த மின்சக்தி அதேயாக இருந்தும் தாரைக்குப் போகும் பங்கு குறைந்து, தண்ணீருக்குப் போகும் பங்கு கூடியிருக்கும். அந்தக் கூடுதல் வெப்பம் ஏற்கெனவே தேய்ந்த இடத்தையே மேலும் தின்னும்.

நாசிலைக் கழற்றி, ஒரு சிறு விளக்கை அதன் பின்புறம் வைத்துத் துளைக்குள் பாருங்கள். நல்ல நாசிலில் மின்வில்லின் கால் பட்ட தடம் வட்டமாக எல்லாப் பக்கமும் பரவிய மங்கலான பட்டையாகத் தெரியும். தேய்ந்த நாசிலில் ஒரு பக்கத்தில் மட்டும் கறுத்த பள்ளம் விழுந்து, அதன் விளிம்பில் செம்பு உருகிச் சிறு மணிகளாக உறைந்திருக்கும். மின்வில் அந்தப் பள்ளத்தைப் பிடித்துக்கொண்டு, முன்னே நகராமல் அங்கேயே ஊன்றுகிறது. மின்வில் குட்டையாவதால்தான் வோல்ட் இறங்குகிறது. தேய்ந்துவரும் நாசிலின் இரைச்சல் மாறுவதை அனுபவமுள்ள இயக்குநர்கள் காதாலேயே கண்டுகொள்வார்கள்.

புது நாசில் பொருத்திய அன்றே, ஒரே வாயு அளவிலும் ஒரே மின்னோட்டத்திலும் வோல்ட்டையும் தண்ணீரின் வெப்பநிலை உயர்வையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நாளும் பூச்சைத் தொடங்குமுன் அதே அமைப்பில் இரண்டையும் பக்கத்தில் எழுதிவாருங்கள். வோல்ட் இறங்க இறங்க, தண்ணீருக்குப் போகும் பங்கு ஏறிக்கொண்டே வரும். உங்கள் பூச்சின் தரம் எந்த வோல்ட்டில் கெடத் தொடங்குகிறது என்பதைச் சோதனைத் தகடுகளைக் கொண்டு ஒருமுறை கண்டறிந்து, அந்த எண்ணுக்கு ஒரு வோல்ட் முன்னதாகவே நாசிலை மாற்றிவிடுங்கள்.